மணலில் எழுதிய பாடம்



"வகுப்பில் நடத்தியது புரியவில்லை" என்று பிள்ளை வந்து சொல்லும்போது நாம் என்ன செய்கிறோம்? ஒன்று, பிள்ளையைக் கண்டிக்கிறோம். அல்லது ஆசிரியரைக் குறை கூறுகிறோம். ஒரு பாடம் பிள்ளையின் உள்ளத்தில் எவ்வாறு தெளிவாகிறது என்பதை எண்ணிப் பார்ப்பவர்கள் மிகச் சிலரே. இதற்கு விடை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் கடற்கரை மண்ணிலேயே அதற்கொரு வரலாறு இருக்கிறது.

நெம்மேலியிலிருந்து வடக்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது எழும்பூர். அங்கே 1789-ஆம் ஆண்டு, படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்காகக் காப்பகம் ஒன்று திறக்கப்பட்டது. அதன் பொறுப்பை ஏற்றவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார். அவருடைய காப்பகத்தில் சிறு பிள்ளைகளுக்கு எழுத்து விளங்கவில்லை. கற்பிப்போர் பேசினர், பிள்ளைகள் விழித்தனர்.

ஒருநாள் காலை அவர் குதிரையில் செல்லும் வழியில் நாட்டுப் பள்ளி ஒன்றைக் கண்டார். 'மலபார் பள்ளி' என்று அவர் அதனைக் குறிப்பிட்டார். அக்காலத்து ஆங்கிலேயர் தமிழரையும் அப்பெயராலேயே அழைத்தனர். அங்கே பிள்ளைகள் தரையில் அமர்ந்து, மணலைப் பரப்பி, விரலால் எழுத்துகளை எழுதிக் கொண்டிருந்தனர். உடனே காப்பகத்திற்குத் திரும்பிய பெல், கடைநிலை வகுப்பின் துணை ஆசிரியரிடம் அவ்வாறே எழுதப் பழக்குமாறு கூறினார். அவர் இணங்கவில்லை. ஆகவே, ஜான் ஃபிரிஸ்கன் என்னும் சுமார் 8 வயதுச் சிறுவனிடம் அவ்வகுப்பை ஒப்படைத்தார். பெரியவரால் ஆகாதது அச்சிறுவனால் ஆயிற்று!

சிந்தித்துப் பாருங்கள். அச்சிறுவனிடம் பெரும் புலமை இருந்ததா? இல்லை. முறையில்தான் வேறுபாடு இருந்தது. ஒரு நேரத்தில் ஓர் எழுத்து மட்டுமே கற்பிக்கப்பட்டது. கண் பார்க்க, நாவு சொல்ல, விரல் எழுதியது. தவறு நேர்ந்தால் அக்கணமே தெரிந்தது; கையால் துடைத்துவிட்டு மீண்டும் எழுத முடிந்தது. பிள்ளைக்கு விளங்கிற்றா என்பதைக் கேட்டறிய வேண்டிய தேவையே எழவில்லை; மணலே அதனைக் காட்டிற்று.

மூத்த மாணவன் இளைய மாணவனுக்குச் சொல்லிக் கொடுப்பதும் நம் திண்ணைப் பள்ளிகளின் வழக்கமே. அவனைச் 'சட்டாம்பிள்ளை' என்பார்கள். 1796-இல் தாயகம் திரும்பிய பெல், மறு ஆண்டே இதனை நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவிற்று. அவர் விட்டுச்சென்ற செல்வத்தைக் கொண்டு ஸ்காட்லாந்தில் நிறுவப்பட்ட பள்ளி இன்றும் 'மதராஸ் கல்லூரி' என்றே அழைக்கப்படுகிறது.

ஆனால், வரலாறு இத்துடன் முடியவில்லை. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ எடுத்த கணக்கெடுப்பின்படி, 1826-இல் மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். அக்கணக்கெடுப்புக்காக 1823-இல் அறிக்கை அனுப்பிய பெல்லாரி ஆட்சியர் கேம்ப்பெல், எழுத்துக் கற்பிக்கும் முறையையும் சட்டாம்பிள்ளை முறையையும் பாராட்டினார். அதே அறிக்கையில், மாணவர்கள் பழம்பாடல்களைப் பொருள் அறியாமலேயே மனனம் செய்கின்றனர் என்றும் வருந்தினார். எழுத்தில் இருந்த தெளிவு பொருளில் இல்லை! எழுதிய எழுத்தைச் சோதித்தவர்கள், உணர்ந்த பொருளைச் சோதிக்கவில்லை.

இங்கிலாந்திலும் இதுவே நிகழ்ந்தது. சட்டாம்பிள்ளைகளின் துணையுடன் ஓர் ஆசிரியர் 1,000 பிள்ளைகளுக்குக் கூடக் கற்பிக்கலாம் என்று ஜோசப் லங்காஸ்டர் என்பவர் வாதிட்டார். செலவு குறைந்தது, கூட்டம் பெருகியது. பிள்ளையின் விரலைப் பார்க்கும் கண் மட்டும் அங்கே இல்லாமற் போயிற்று. பாடம் வெறும் ஒப்பித்தலாகச் சுருங்கிற்று. 1846-இல் அந்நாட்டு அரசு வேறு முறைக்கு மாறியது.

சகோதர சகோதரிகளே! ஆசிரியராக அனுப்பப்பட்ட அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வழிமுறையை இங்கே நினைவுகூருங்கள். ஒரு சொல் நன்கு விளங்க வேண்டும் என்பதற்காக அதனை அவர்கள் மும்முறை கூறுவார்கள் என அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். எண்ண விரும்புபவர் எண்ணிவிடும் அளவுக்கு அவர்களின் பேச்சு நிதானமாக இருந்தது என்பது அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் சாட்சியம். மனிதனின் ஆசையையும் ஆயுளையும் விளக்க ஒரு சதுரம் வரைந்து, அதனைக் கடந்து செல்லும் கோடொன்றையும் வரைந்து காட்டினார்கள். நிதானம், மீண்டும் கூறல், கண்ணால் காணும் சான்று ஆகிய மூன்றும் அங்கே இருந்தன.

நம் ஊர் மக்தபுகளில் இன்றும் ஒரு நல்ல வழக்கம் உண்டு. உஸ்தாத் ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே அருகில் அழைத்து, நேற்றைய பாடத்தைக் கேட்பார். அது சரியானால்தான் அடுத்த சபக் கொடுப்பார். பிள்ளை நின்ற இடத்திலிருந்தே பாடம் நகர்கிறது.

இதே உண்மையைத் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளும் அண்மைக் காலத்தில் கண்டன. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் 'செயல்வழிக் கற்றல்' தொடங்கப்பட்டது. 2007-08 கல்வியாண்டில் மாநிலமெங்கும் பரவியது. ஆசிரியர் நாற்காலியை விட்டு இறங்கிப் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்தார். பாடம் சிறுசிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டது. சுவரில் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை அமைக்கப்பட்டது. 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம், பிள்ளைகளை அவர்களின் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்துக் கற்பித்தது.

ஆக, தெளிவு என்பது உரத்த குரலில் இல்லை. நீண்ட விளக்கத்திலும் இல்லை. சிறிதாகக் கொடுப்பதிலும், செய்து காட்டச் சொல்வதிலும், உடனே திருத்துவதிலும்தான் இருக்கிறது. "புரிந்ததா?" என்று கேட்டால் வகுப்பு முழுவதும் "புரிந்தது" என்றே சொல்லும். அச்சமும் வெட்கமும் சொல்ல வைக்கும் விடை அது! "நீ எனக்குச் சொல்லிக்கொடு, பார்ப்போம்" என்று கேளுங்கள். உண்மை அப்போது வெளிப்படும்.

பெற்றோரே! இன்றிரவே உங்கள் பிள்ளையை அருகில் அமர்த்தி, இன்று கற்ற ஒன்றை உங்களுக்குக் கற்பிக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் கண்டிக்காதீர்கள். எந்த இடத்தில் தடுமாறினான் என்பதைக் குறித்து, மறுநாள் ஆசிரியரிடம் பணிவோடு தெரிவியுங்கள். நல்லாசிரியர் அதனைக் குறையாகக் கொள்ளமாட்டார். தம் மாணவனின் மணல் எழுத்தைக் கண்டதாகவே மகிழ்வார்.

பயனுள்ள கல்வியையும், அதனைத் தெளிவுறக் கற்பிக்கும் ஆசிரியர்களையும் நம் சந்ததியினருக்கு வல்ல இறைவன் வழங்குவானாக!