ஜோசபோஆர்ட்டிகாசியா

தென் அமெரிக்காவில் வாழ்ந்து அற்றுப்போன கொறிணிப் பேரினம். அறியப்பட்ட கொறிணிகளிலேயே மிகப் பெரியதாகக் கருதப்படும் 'ஜோ. மொனேசி' இதைச் சேர்ந்தது. புதைபடிவங்கள் உருகுவேயின் சான் ஹோசே மாவட்டத்தில், கியூ கடற்கரையை ஒட்டிய படிவுகளில் கிடைத்தன. இன்று ஆண்டிஸ் மலைச்சரிவுக் காடுகளில் திரியும் பக்கரானா, இது அடங்கும் டைனோமைடே குடும்பத்தின் எஞ்சிய ஒரே வாரிசு. அதன் எடை 15 கிலோவுக்கு மேல் போவது அரிது.

இக்குடும்பத்தைப் பிரித்தறிய உதவுவது கடைவாய்ப்பல். பற்சிப்பித் தகடுகள் வரிசையாக அடுக்கப்பட்ட பல் அது. தேயத் தேய அதன் மேற்பரப்புக் கோலமும் மாறும். ஆகவே ஒற்றைப் பல்லை வைத்துப் புது இனம் அறிவித்த பழைய அறிக்கைகளைச் சற்று ஐயத்தோடுதான் படிக்க வேண்டும்.

1966-இல் பிரான்சிஸ், மொனெஸ் இருவரும் கியூவில் கிடைத்த எச்சங்களுக்கு உருகுவேயின் தேசத் தலைவர் ஹோசே ஆர்ட்டிகாஸ் நினைவாக 'ஆர்ட்டிகாசியா மேக்னா' என்று பெயரிட்டனர். அந்தப் பேரினப் பெயரை 1934-லேயே ஓர் உருளைப்புழு பிடித்துக்கொண்டிருந்தது. விலங்குப் பெயரிடல் விதிப்படி இரண்டு விலங்குப் பேரினங்களுக்கு ஒரே பெயர் கூடாது, முந்தியவருக்கே உரிமை. புழுவுக்குத் தலைவர் விட்டுக்கொடுக்க 41 ஆண்டுகள் ஆயின. 2007-இல் மொனெஸே தலைவரின் முதற்பெயரையும் முன்னால் சேர்த்து இப்போதைய பெயரை உருவாக்கினார்.

இதற்கிடையே, 1987-இல் செர்கியோ வியேரா என்ற ஆர்வலர் கியூ கரையில் ஒரு மண்டையோட்டைக் கண்டெடுத்தார். மாண்டிவிடியோ அருங்காட்சியகத்துக்குப் போன அது, கிடங்கில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கிடந்தது. நீளம் 53 செ.மீ. ஆண்ட்ரேஸ் ரிண்டர்க்நெக்ட், எர்னெஸ்டோ பிளாங்கோ இருவரும் 2008-இல் அதை விவரித்து, மொனெஸைச் சிறப்பிக்கும் வகையில் 'மொனேசி' என்ற இனத்தை நிறுவினர். அது வாழ்ந்த காலத்தை 40 முதல் 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன் என்று கணித்தனர்.

பெயர்ச் சிக்கல் தீர்ந்தது. எடைத் தகராறு தொடங்கியது. இனத்தை நிறுவிய மாதிரி அந்த மண்டையோடு மட்டுமே. உடல் எடையை, வாழும் கொறிணிகளின் தலை அளவோடு ஒப்பிட்டே ஊகிக்க வேண்டியிருந்தது. முதல் கணக்கு சுமார் 1,000 கிலோ. நன்கு வளர்ந்த எருமையையும் மிஞ்சும் எடை. அதே ஆண்டில் வர்ஜினி மில்லியன், மதிப்பு குறைவாகவே இருக்கலாம் என்று எழுதினார். சிறு பிராணிகளின் அளவுகளிலிருந்து இவ்வளவு பெரிய விலங்குக்குக் கணக்கை நீட்டினால் பிழையும் கூடவே நீளும். 2022-இல் ரஸ்ஸல் எங்கல்மன், மண்டையோடு கழுத்தெலும்பில் பொருந்தும் முண்டுகளின் அகலத்தைக் கொண்டு கணக்கிட்டு 480 கிலோ என்றார். தலையைச் சுமக்கும் மூட்டு தலை நீளத்தைவிட நம்பகமான சாட்சி என்பதால் இதுவே ஏற்கத்தக்கதாகத் தோன்றுகிறது.

பல்லின் வேலையும் விவாதப் பொருளே. பிலிப் காக்ஸும் உருகுவே ஆய்வாளர்களும் 2015-இல் கணினி மாதிரியில் சோதித்தபோது, வெட்டுப்பல் கடிக்கும் விசை சுமார் 1,400 நியூட்டன் என்று வந்தது. வெட்டுப்பற்களோ அதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கைத் தாங்கும் வலுவுடன் இருந்தன. மண்ணைக் கிண்டவும் எதிரியைத் தாக்கவும் யானை தந்தத்தைக் கையாள்வதுபோல் இது வெட்டுப்பற்களைக் கையாண்டிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.