யாரை முன்னால் நிறுத்துவது? வொஷிங்டன் ரசிகர்களின் நீண்ட விவாதம்



கொஞ்சம் நீளமான பதிவு. விளையாட்டைப் பற்றியதுதான், ஆனால் விளையாட்டோடு மட்டும் முடியாது. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

அணித் தெரிவு என்று வந்துவிட்டால் நம் எல்லோருக்கும் ஒரு கருத்து இருக்கும். யார் கெப்டன், யாரை முதலில் இறக்குவது, யாரை வெளியில் வைப்பது என்று போட்டி முடிந்து இரண்டு நாளான பின்னும் பேசிக்கொண்டிருப்போம். அமெரிக்காவில் இந்த விவாதம் மிகச் சூடாக நடப்பது ஓர் இடத்தைப் பற்றித்தான். அந்த இடத்தின் பெயர் குவாட்டர்பேக்.

முதலில் ஒரு விளக்கம். நாம் உதைபந்து என்று சொல்லும் விளையாட்டு வேறு, அமெரிக்கர்கள் ஃபுட்போல் என்று சொல்வது வேறு. அது நமக்குத் தெரிந்த ரக்பிக்கு ஒன்றுவிட்ட சகோதரன் மாதிரி. பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 யார் முன்னேற வேண்டும் (துணி அளக்கிறோமே, அதே யார்தான்). ஏறக்குறைய ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் குவாட்டர்பேக்கின் கைக்கே வரும். பந்தை எறிவதா, ஓடுபவரிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று அவர் இரண்டு மூன்று வினாடிக்குள் முடிவெடுக்க வேண்டும். அதற்குள் எதிரணியின் பெரிய உடம்புக்காரர்கள் அவரைச் சாய்க்கப் பாய்ந்து வருவார்கள். ஓர் அணியில் இரண்டு மூன்று குவாட்டர்பேக்குகள் இருந்தாலும் மைதானத்தில் நிற்பது ஒருவர்தான். அவர் தோற்றால் ரசிகர்கள் உடனே அடுத்தவரைக் கேட்பார்கள்.

இந்த விவாதத்தின் வரலாற்றைப் படிக்க ஒரே ஒரு நகரத்தைப் பார்த்தாலே போதும். அது அமெரிக்காவின் தலைநகரமான வொஷிங்டன்.

அந்த அணி 1937 இல் பொஸ்டனிலிருந்து வொஷிங்டனுக்கு வந்தது. அந்த வருடமே சம்பியன். அப்போது பந்தை எறிந்தவர் சமி போ. 1952 வரை 16 பருவங்கள் விளையாடிய அவரை இன்றும் இந்த விளையாட்டின் பெரியவர்களில் ஒருவராக மதிக்கிறார்கள். அணியின் அன்றைய பெயர் ரெட்ஸ்கின்ஸ். அமெரிக்காவின் பூர்வீக மக்களை அவமதிக்கும் சொல் அது என்ற எதிர்ப்பு பல காலம் இருந்தும், 2020 இல்தான் அந்தப் பெயரைக் கைவிட்டார்கள். 2022 முதல் கொமாண்டர்ஸ் என்ற பெயரில் விளையாடுகிறார்கள்.

அணியின் உரிமையாளர் ஜோர்ஜ் பிரெஸ்டன் மார்ஷல். அவர் தன் அணியில் கறுப்பின வீரர் ஒருவரையும் சேர்க்கவில்லை. 1950களில் மற்ற அணிகள் ஒவ்வொன்றாகக் கதவைத் திறந்தன. வொஷிங்டன் மட்டும் திறக்கவில்லை. 1961 இல் புதிய விளையாட்டரங்கு ஒன்று கட்டப்பட்டது. அது நின்றது மத்திய அரசாங்கத்தின் காணியில். கென்னடி அரசாங்கத்தின் உள்துறைச் செயலாளர் ஸ்டூவர்ட் யூடல் அதைப் பிடித்துக்கொண்டார். இன ஒதுக்கலைக் கைவிடாவிட்டால் இந்த மைதானத்தைப் பாவிக்க முடியாது என்று மார்ஷலுக்கு எச்சரிக்கை கொடுத்தார். அதன் பிறகுதான் 1962 இல் போபி மிச்செல் போன்ற கறுப்பின வீரர்கள் அந்த அணிக்கு வந்தார்கள். லீக்கிலேயே கடைசியாகக் கதவைத் திறந்த அணி இதுதான். அதுவும் தானாகத் திறக்கவில்லை.

இதை மனதில் வைத்துக்கொண்டு அந்நகரத்து ரசிகர்களின் மிகப் பிரபலமான விவாதத்துக்கு வருவோம்.

1964 இல் சன்னி ஜேர்கன்சன் வொஷிங்டனுக்கு வந்தார். கொஞ்சம் தொப்பை இருந்தது, ஆனால் பந்து எறிவதில் அவ்வளவு அழகு. அவர் எறிந்தால் பந்து சுழன்றுகொண்டே நேராகப் போகும். 1971 இல் ஜோர்ஜ் அலன் பயிற்றுவிப்பாளராக வந்தார். இளைஞர்களை வளர்த்தெடுக்கப் பொறுமை இல்லாதவர், அனுபவசாலிகளை விரும்புபவர். அவர் பில்லி கில்மரைக் கொண்டுவந்தார். கில்மர் 1962 இல் கார் விபத்தில் சிக்கி, காலையே வெட்ட வேண்டிவரும் என்ற நிலைக்குப் போய் மீண்டவர். அவர் எறியும் பந்து ஆடி ஆடித்தான் போகும். ஆனால் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். சக வீரர்கள் அவருக்காக உயிரைக் கொடுத்து விளையாடினார்கள்.

நகரம் இரண்டாகப் பிரிந்தது. எனக்குச் சன்னியைப் பிடிக்கும் என்று ஒரு காரின் பின்னால் ஸ்டிக்கர், எனக்குப் பில்லியைப் பிடிக்கும் என்று அடுத்த காரில். 1972 பருவத்தில் ஜேர்கன்சன் குதிகால் நரம்பு அறுந்து விலக, கில்மர் அணியை சுப்பர் போல் இறுதிப்போட்டி வரை கொண்டுபோனார். 1973 ஜனவரியில் மயாமி அணியிடம் 14க்கு 7 என்று தோற்றார்கள். அந்தப் போட்டியில் கில்மர் எறிந்த மூன்று பந்துகள் எதிரணியின் கைக்குப் போயின. சன்னி மட்டும் இருந்திருந்தால் என்ற பேச்சு நகரத்தில் நிற்கவேயில்லை. இதில் அழகான விடயம் என்னவென்றால், ரசிகர்கள் சண்டை பிடித்துக்கொண்டிருக்க, சன்னியும் பில்லியும் நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். 1974 பருவத்தோடு, 40 வயதில், ஜேர்கன்சன் ஓய்வு பெற்றார்.

ரசிக்கத்தக்க கதைதான். ஆனால் வரலாறு படிக்கும் நாம் இங்கே இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும். 1970 இல் வொஷிங்டன் நகரவாசிகளில் பத்தில் ஏழு பேர் கறுப்பினத்தவர். அந்த நகரம் தீர்க்க முடியாமல் விவாதித்தது இரண்டு வெள்ளை வீரர்களைப் பற்றி. இருவரும் திறமைசாலிகள், அதில் சந்தேகமில்லை. கேள்வி, மூன்றாவதாக ஒரு பெயர் ஏன் அந்தப் பட்டியலுக்குள் வரவில்லை என்பதுதான்.

அந்தப் பெயர்கள் இல்லாமல் இல்லை. கல்லூரிகளில் கறுப்பினக் குவாட்டர்பேக்குகள் இருந்தார்கள். தொழில்முறை அணிக்கு வரும்போது அவர்களிடம் சொல்லப்பட்டது ஒன்றுதான்: நீ வேகமாக ஓடுகிறாய், பந்து பிடிக்கும் இடத்துக்குப் போ. சிந்தித்து வழிநடத்தும் வேலை உனக்குச் சரிவராது என்பதுதான் சொல்லாமல் சொன்ன கருத்து. 1968 இல் மார்லின் பிரிஸ்கோ டென்வர் அணிக்குக் குவாட்டர்பேக்காக ஆரம்பித்து நன்றாக விளையாடினார். அடுத்த வருடமே அவருக்கு அந்த இடம் இல்லை. வேறு அணிக்குப் போய்ப் பந்து பிடிப்பவராக மாறினார். டோனி டன்ஜி மினசோட்டா பல்கலைக்கழகத்தின் குவாட்டர்பேக். 1977 இல் அவரை ஓர் அணியும் தெரிவு செய்யவில்லை. தற்காப்பு வீரராகத்தான் இடம் கிடைத்தது. அதே டன்ஜி 2007 இல் சுப்பர் போல் வென்ற முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்றுவிப்பாளர் ஆனார். சிந்திக்கத் தெரியாதவர் என்று ஒதுக்கப்பட்ட ஒருவரின் சிந்தனைதான் அந்தக் கிண்ணத்தை வென்றது. வொரன் மூனையும் 1978 இல் ஒருவரும் தெரிவு செய்யவில்லை. அவர் கனடாவுக்குப் போய் எட்மன்டன் அணியோடு தொடர்ச்சியாக ஐந்து சம்பியன் பட்டம் வென்றார். அதன் பிறகுதான் அமெரிக்காவில் அவருக்குக் கதவு திறந்தது.

அதே 1978 இல் ஒரேயொரு கறுப்பினக் குவாட்டர்பேக்குக்கு முதல் சுற்றிலேயே வாய்ப்புக் கிடைத்தது. அவர் டக் வில்லியம்ஸ். லூசியானா மாநிலத்துக்காரர். கறுப்பின மாணவர்களுக்காக உருவான கிராம்ப்ளிங் பல்கலைக்கழகத்தில், எடி ரொபின்சன் என்ற பெரிய ஆசானிடம் படித்தவர். அவரை எடுத்த டம்பா பே அணி, தொடங்கிய நாளிலிருந்து தொடர்ந்து 26 போட்டிகளில் தோற்றிருந்த அணி. வில்லியம்ஸ் வந்து இரண்டாவது பருவத்திலேயே அரையிறுதி வரை போனார்கள். ஐந்து பருவங்களில் மூன்று முறை அடுத்த கட்டப் போட்டிகளுக்குத் தகுதி பெற்றார்கள். ஆனால் அவருக்குக் கொடுத்த சம்பளம் வருடத்துக்கு 120,000 டொலர். வேறு அணிகளில் மாற்று வீரராக உட்கார்ந்திருந்த சிலர் அதைவிடக் கூடுதலாக வாங்கினார்கள். 1983 இல் அவருடைய மனைவி நோயினால் இறந்துபோனார். கையில் சிறு குழந்தை. சம்பளப் பிணக்கும் தீரவில்லை. அவர் அணியை விட்டு விலகி வேறொரு புதிய லீக்குக்குப் போனார். அவர் இல்லாத அந்தப் பருவத்தில் டம்பா பே 16 போட்டிகளில் இரண்டில் மட்டுமே வென்றது.

அந்தப் புதிய லீக் முடங்கியதும் வில்லியம்ஸுக்கு வேலை இல்லை. 1986 இல் அவரைக் கூப்பிட்டது வொஷிங்டன். பயிற்றுவிப்பாளர் ஜோ கிப்ஸ், டம்பாவில் அவரோடு வேலை செய்து அவர் தரம் அறிந்தவர். ஆனால் கிடைத்தது மாற்று வீரர் இடம்தான். முதல் குவாட்டர்பேக் ஜே ஷ்ரோடர். 1986 இல் 4,109 யார் தூரத்துக்குப் பந்து எறிந்து அணியின் சாதனையை முறியடித்த இளைஞர். அந்தப் பருவம் முழுக்க வில்லியம்ஸ் எறிந்தது ஒரேயொரு பந்து. அரையிறுதியில் ஷ்ரோடர் அடிபட்டு விழ, வில்லியம்ஸ் மைதானத்துக்குள் ஓடினார். ஷ்ரோடர் எழுந்து, வேண்டாம், போ என்று கையசைத்துத் திருப்பி அனுப்பினார். பல்லாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வில்லியம்ஸ் பேசாமல் திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

1987 இல் பழைய விவாதம் புதிய பெயர்களோடு திரும்பி வந்தது. ஷ்ரோடரா, வில்லியம்ஸா? முதல் போட்டியிலேயே ஷ்ரோடர் தோளில் காயப்பட, வில்லியம்ஸ் வந்து வென்று கொடுத்தார். பிறகு ஷ்ரோடர் திரும்பினார். ஆட்டம் பிசகினால் வில்லியம்ஸ், அவர் காயப்பட்டால் மீண்டும் ஷ்ரோடர். ஷ்ரோடர் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. இளமை இருந்தது, எதிர்காலம் இருந்தது, முந்திய வருடச் சாதனை இருந்தது. வில்லியம்ஸிடம் இருந்தது நிதானம். டிசம்பர் 26 அன்று மினசோட்டாவில் நடந்த கடைசி லீக் போட்டியில் கிப்ஸ் பாதியில் வில்லியம்ஸை இறக்கினார். மேலதிக நேரத்தில் 27க்கு 24 என்று வென்றார்கள். இனி வரும் பெரிய போட்டிகளுக்கு வில்லியம்ஸ்தான் என்று கிப்ஸ் முடிவெடுத்தார்.

1988 ஜனவரி 31, சான் டியாகோ நகரம். டென்வர் அணிக்கு எதிராக சுப்பர் போல். அந்தப் போட்டியைத் தொடங்கும் முதல் கறுப்பினக் குவாட்டர்பேக் டக் வில்லியம்ஸ். அதற்கு முந்திய வாரம் ஒரு பத்திரிகையாளர், நீங்கள் எவ்வளவு காலமாகக் கறுப்பினக் குவாட்டர்பேக்காக இருக்கிறீர்கள் என்று கேட்டதாக ஒரு கதை இன்றும் பகிரப்படுகிறது. உண்மையில் கேட்கப்பட்டது அப்படியல்ல. அவர் கறுப்பினத்தவர் என்பது எப்போது ஒரு விடயமாக ஆனது என்பதே கேள்வி. சத்தத்தில் அது வேறு மாதிரிக் காதில் விழுந்து கதையாகிவிட்டது. ஃபோர்வார்ட் பண்ணும் முன் இதையும் ஞாபகம் வைப்போம்.

போட்டிக்கு முதல் நாள் வில்லியம்ஸுக்குப் பல்லில் வேர்ச் சிகிச்சை. போட்டி தொடங்கியதும் டென்வர் 10க்கு 0 என்று முந்தியது. முதல் கால்பகுதி முடியும் வேளையில் வில்லியம்ஸ் வழுக்கி விழுந்து முழங்கால் முறுக்கியது. ஷ்ரோடர் உள்ளே வந்தார். கதை முடிந்தது என்றே பலர் நினைத்திருப்பார்கள். ஆனால் அடுத்த கால்பகுதிக்கு வில்லியம்ஸ் நொண்டிக்கொண்டே திரும்பி வந்தார். அவர் எறிந்த முதல் பந்தை ரிக்கி சாண்டர்ஸ் பிடித்து ஓட, 80 யார், நேராக எல்லைக்கோடு. அந்த 15 நிமிட ஆட்டத்தில் மட்டும் வொஷிங்டன் 35 புள்ளிகள் பெற்றது. அதில் நான்கு முறை எல்லைக்கோட்டைத் தாண்டிய பந்து வில்லியம்ஸ் எறிந்தது. இறுதி முடிவு 42க்கு 10. போட்டியின் சிறந்த வீரரும் அவரே.

அதற்குப் பிறகு எல்லாம் சுகமாக முடிந்தது என்று எழுத முடியாது. ஷ்ரோடர் வேறு அணிக்குப் போனார். வில்லியம்ஸுக்குக் குடல்வால் சத்திரசிகிச்சை, அந்த இடைவெளியில் மார்க் ரிப்பியன் வந்தார், விவாதம் மறுபடி தொடங்கியது. 1989 பருவத்தோடு வில்லியம்ஸை விட்டுவிட்டார்கள். சுப்பர் போல் நாயகனுக்கு வேறு ஓர் அணியும் இடம் கொடுக்கவில்லை. 1998 இல் தன் ஆசான் எடி ரொபின்சன் இருந்த அதே நாற்காலியில், கிராம்ப்ளிங்கின் பயிற்றுவிப்பாளராக அமர்ந்தார். இன்னொரு கறுப்பினக் குவாட்டர்பேக் சுப்பர் போல் வெல்ல 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2023 இல்தான் இரண்டு பக்கமும் கறுப்பினக் குவாட்டர்பேக்குகள் தொடங்கிய முதல் சுப்பர் போல் நடந்தது. 2024 இல் வொஷிங்டன் ரசிகர்களுக்கு ஜேடன் டானியல்ஸ் என்ற கறுப்பின இளைஞர் கிடைத்தார். முதல் பருவத்திலேயே அணியை அரையிறுதிக்குக் கொண்டுபோனார். அந்த நகரத்தின் பழைய கதை தெரிந்தவர்களுக்கு இது சின்ன விடயம் அல்ல.

இந்த வரலாற்றிலிருந்து நாம் எடுக்க வேண்டியது என்ன?

ரசிகர்கள் விவாதிப்பது தவறில்லை. மஷூரா நல்லதுதான். சன்னியா பில்லியா என்று பேசியவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஆனால் விவாதம் எவ்வளவு சூடாக நடந்தாலும், அது தமக்குத் தரப்பட்ட பட்டியலுக்குள்தான் நடந்தது. அந்தப் பட்டியலை வேறு யாரோ முன்கூட்டியே எழுதியிருந்தார்கள். இருவரில் யார் நல்லவர் என்று நாள் முழுக்கப் பேசிய பலர், ஏன் இந்த இருவர் மட்டும் என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு யூடல் வேண்டியிருந்தது, தரம் அறிந்த ஒரு கிப்ஸ் வேண்டியிருந்தது.

நம் பாடசாலை அணி, விளையாட்டுக் கழகம், மாணவத் தலைவர் தெரிவு, ஊர் நிர்வாகம் எதுவானாலும் சரி. பொறுப்பு ஒரு அமானிதம். அதை யாருக்குக் கொடுப்பது என்று பேசும் முன் ஒரு நிமிடம் நின்று யோசிப்போம். எந்தத் தெருப் பிள்ளையின் பெயர், எந்தக் குடும்பத்துப் பிள்ளையின் பெயர் இந்தப் பட்டியலுக்கே வராமல் போனது? நீ நன்றாக ஓடுகிறாய், ஆனால் முன்னால் நிற்க நீ சரிவரமாட்டாய் என்று நாம் யாரிடம் சொல்லாமல் சொல்லிக்கொண்டிருக்கிறோம்?

கருத்துகளை எழுதுங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் இன்னும் சந்தோசம்.