ரயிலில் போகும்போதே சுகாதார ஆய்வு கற்கலாம்... இலவசமாக! எங்கே, எப்படி? முழு விவரம்

காலை நேரத்தில் திருவள்ளூர் ரயில் நிலையத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் தெரியும். மணவாள நகர் பக்கமிருந்து வந்து ரயில் ஏறுபவர்களில் நர்சிங் மாணவிகள், பார்மசி படிப்பவர்கள், லேப் டெக்னீசியன்கள் எனப் பலர் இருப்பார்கள். சென்னை சென்ட்ரல் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். அதுவரை கையில் செல்போன்தான்.

அந்த நேரத்தில் ஒரு புதுத் திறமையைக் கற்றுக்கொள்ள முடியும் என்றால்? அதுவும் பைசா செலவில்லாமல்? சுகாதார ஆய்வு எப்படிச் செய்வது, எப்படிப் புரிந்துகொள்வது என்பதைச் சொல்லித்தரும் இலவச இணைய வகுப்புகள் நிறையவே இருக்கின்றன. அதில் முக்கியமான ஒன்றை நடத்தும் நிறுவனம், இந்த ரயில் தாண்டிப் போகும் அம்பத்தூருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

சுகாதார ஆய்வா? அது டாக்டர்களுக்குத்தானே?

அப்படித்தான் பலரும் நினைக்கிறார்கள். ஒரு உதாரணம் பார்க்கலாம். தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு ஊர். 'இங்கே எல்லாருக்கும் இருமல், மூச்சுத்திணறல்' என்று மக்கள் சொல்கிறார்கள். 'எங்கள் தொழிலாளர்கள் எல்லாரும் ஆரோக்கியமாகத்தான் இருக்கிறார்கள்' என்று ஆலைத் தரப்பு சொல்கிறது. யார் சொல்வது சரி?

வெறும் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்ய முடியாது. 'இருமலோடு 40 பேர்' என்றால் எத்தனை பேரில் 40 என்று கேட்க வேண்டும். 100 பேரில் 40 என்பதும் 4,000 பேரில் 40 என்பதும் ஒன்றல்ல. ஆலை இல்லாத வேறொரு ஊரில் எத்தனை பேருக்கு இருமல் என்பதும் தெரிய வேண்டும். பீடி, சிகரெட் பழக்கம், விறகடுப்புப் புகை, காசநோய் போன்ற வேறு காரணங்களையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. உடம்பு முடியாதவர்கள் வேலையை விட்டுப் போய்விடுவார்கள். தெம்பாக இருப்பவர்கள் மட்டுமே வேலையில் தொடர்வார்கள். அதனால், இப்போது வேலையில் இருப்பவர்களை மட்டும் பரிசோதித்தால் எல்லாம் நன்றாக இருப்பது போலவே தெரியும். ஆய்வுலகில் இதை 'ஆரோக்கியத் தொழிலாளர் விளைவு' என்கிறார்கள். இது தெரியாமல் எடுக்கும் கணக்கெடுப்பு, நிஜமான பாதிப்பை மறைத்துவிடும்.

ஆக, இந்தத் திறமை டாக்டருக்கு மட்டுமானது இல்லை. கிராம சுகாதார செவிலியர், ஆலை மருத்துவ மையத்தில் வேலை செய்பவர், பொது சுகாதாரம் படிக்கும் மாணவர் எல்லாருக்கும் தேவை.

திருவள்ளூருக்கும் ஆய்வுக்கும் என்ன தொடர்பு?

உலகமே பேசிய ஒரு ஆய்வு நடந்த மண் இது. 1968-ல், அப்போதைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பிசிஜி தடுப்பூசி ஆய்வு தொடங்கியது. இன்றைய திருவள்ளூர் வட்டாரமும் அதில் அடக்கம். சுமார் 3.6 லட்சம் மக்கள் வாழ்ந்த பகுதி அது. யாருக்குத் தடுப்பூசி, யாருக்கு மருந்தில்லாத ஊசி என்பதைக் குலுக்கல் போன்ற முறையில் பிரித்தார்கள்.

பிரிட்டனில் நடந்த ஆய்வில் இதே தடுப்பூசி நல்ல பலன் தந்திருந்தது. இங்கேயும் அப்படித்தான் வரும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. வந்த முடிவோ வேறு. பெரியவர்களை நுரையீரல் காசநோயிலிருந்து பிசிஜி காப்பாற்றவில்லை. 15 ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்த பிறகான முடிவுகள் 1999-ல் வெளியாகின.

அப்படின்னா பிசிஜி வேண்டாமா? அப்படி இல்லை. சின்னக் குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகை காசநோயைத் தடுக்க அது உதவுகிறது. அதனால்தான் பிறந்த குழந்தைக்கு இன்றும் போடுகிறார்கள். 'தடுப்பூசி வேலை செய்கிறதா?' என்று கேட்டால் மட்டும் போதாது. யாருக்கு, எந்த நோய்க்கு, எந்த ஊரில் என்றும் கேட்க வேண்டும் என்பதை இந்த ஆய்வு காட்டியது.

எங்கே கற்கலாம்?

1. தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம்: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கீழ் இயங்கும் நிறுவனம் இது. அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில் உள்ளது. 1999-ல் தொடங்கப்பட்டது. இவர்கள் நடத்தும் 'ஹெல்த் ரிசர்ச் ஃபண்டமெண்டல்ஸ்' வகுப்பு என்பிடெல் தளத்தில் கிடைக்கும். மொத்தம் 8 வாரம். ஆய்வுக் கேள்வியை எப்படி உருவாக்குவது, எந்த வகை ஆய்வு பொருந்தும், எத்தனை பேரைச் சேர்க்க வேண்டும், ஆய்வுத் திட்டத்தை எப்படி எழுதுவது என அடிப்படையிலிருந்து சொல்லித் தருகிறார்கள்.

2. உயிர்மருத்துவ ஆய்வு அடிப்படை வகுப்பு: இதையும் அதே நிறுவனம்தான் நடத்துகிறது. மருத்துவ மேற்படிப்பு மாணவர்களும் மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களும் இதை முடித்தாக வேண்டும் என்பது தேசிய மருத்துவ ஆணையத்தின் விதி.

3. தி குளோபல் ஹெல்த் நெட்வொர்க்: ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தளம். சின்னச் சின்ன வகுப்புகளாக இருப்பதால் ரயில் பயணத்துக்குப் பொருத்தம். மருந்துப் பரிசோதனைகளில் பின்பற்ற வேண்டிய 'நல்ல மருத்துவ ஆய்வு நடைமுறை' வகுப்பும் இதில் உண்டு. சான்றிதழும் இலவசம்.

4. உலக சுகாதார நிறுவனத்தின் டிடிஆர்: வெப்பமண்டல நோய்களுக்கான சிறப்புத் திட்டம் இது. நல்ல மருந்தும் நல்ல திட்டமும் இருந்தும் மக்களுக்குப் போய்ச் சேராதது ஏன் என்று ஆராயும் முறையை இதன் இணைய வகுப்பில் கற்கலாம்.

வகுப்பு மட்டும் போதுமா?

போதாது. கைப்பழக்கம் வேண்டும். அதற்கும் இலவச வசதிகள் உண்டு.

பப்மெட் தளத்தில் உலகெங்கும் வெளியான மருத்துவக் கட்டுரைகளைத் தேடலாம். மேலே சொன்ன செங்கல்பட்டு ஆய்வையும் அங்கே பார்க்கலாம். முழுக் கட்டுரைகளை இலவசமாகப் படிக்க பப்மெட் சென்ட்ரல் இருக்கிறது.

இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேடு 2007-ல் தொடங்கியது. 2009 ஜூன் முதல் மருந்துப் பரிசோதனைகளை இதில் பதிவு செய்வது கட்டாயம். உங்கள் ஊர் மருத்துவமனையில் ஏதாவது பரிசோதனை நடக்கிறதா என்று யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். 'புது மருந்து ட்ரையல், சேர்கிறீர்களா?' என்று யாராவது கேட்டால், முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

தேசிய குடும்பநல ஆய்வின் மாவட்டத் தகவல் அறிக்கைகளும் இணையத்தில் உள்ளன. 2019-21 ஆய்வில் திருவள்ளூர் மாவட்டத்துக்கான ரத்தசோகை, தடுப்பூசி விவரங்களை எடுத்துப் பார்க்கலாம். சொந்த மாவட்டத்தின் எண்களை வாசிப்பதே நல்ல பயிற்சி.

கணக்குப் போட ஓப்பன்எபி, ஆர். மேற்கோள்களைத் தொகுக்க சோட்டெரோ. மூன்றும் இலவசம்.

ஆங்கிலம் தடையாகுமா?

நேர்மையாகச் சொன்னால், ஓரளவு தடைதான். மேலே சொன்ன வகுப்புகளின் முதன்மை மொழி ஆங்கிலம். ஆனால் வீடியோவின் வேகத்தைக் குறைத்து, எழுத்து வடிவத்தோடு சேர்த்துப் பார்த்தால் பழகிவிடும். திரும்பத் திரும்ப வரும் கலைச்சொற்களை ஒரு நோட்டில் எழுதி, பக்கத்திலேயே தமிழில் விளக்கம் எழுதுங்கள். இந்த நோட்டு பின்னால் ரொம்ப உதவும். ஏனென்றால், ஆய்வுக்குச் சம்மதம் கேட்கும் படிவம் பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். கும்மிடிப்பூண்டியில் வேலை செய்யும் வெளிமாநிலத் தொழிலாளியிடம் தமிழ்ப் படிவத்தை நீட்டினாலும் தப்புதான். அவருக்கு அவர் மொழியில்தான் கேட்க வேண்டும்.

எதில் உஷாராக இருக்க வேண்டும்?

* 'இலவசம்' என்றால் எது வரை இலவசம் என்று பாருங்கள். என்பிடெல்லில் வகுப்பு இலவசம். சான்றிதழ் வேண்டுமென்றால் கட்டணம் கட்டித் தேர்வு எழுத வேண்டும். சேரும்போதே தேர்வுத் தேதியையும் கட்டணத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

* வாட்ஸ்அப்பில் வரும் 'ஒரே நாளில் சர்வதேச ஆய்வுச் சான்றிதழ்' லிங்கை நம்ப வேண்டாம். நடத்துவது எந்த நிறுவனம் என்று அதன் சொந்த இணையதளத்தில் போய்ப் பாருங்கள்.

* 'பணம் கட்டுங்கள், ஒரே வாரத்தில் உங்கள் கட்டுரை வெளியாகும்' என்று மெயில் வந்தால் ஒதுங்கிக்கொள்ளுங்கள். சரியான பரிசீலனை இல்லாமல் காசுக்கு வெளியிடும் போலி இதழ்கள் நிறைய.

* வகுப்பு முடித்த கையோடு தெருவில் இறங்கித் தகவல் சேகரிக்கக் கூடாது. மனிதர்களை வைத்து ஆய்வு செய்ய நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். இதற்கான தேசிய வழிகாட்டு நெறிமுறைகளை 2017-ல் ஐசிஎம்ஆர் வெளியிட்டது. இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம்.

* நோயாளியின் ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து குரூப்பில் போடுவது ஆய்வு இல்லை. அது அத்துமீறல்.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது?

முதல் வாரம், உங்கள் வேலையிலோ ஊரிலோ மனதை உறுத்தும் ஒரு கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள். இரண்டாவது வாரம், அதை ஏற்கெனவே யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா என்று பப்மெட்டில் தேடுங்கள். மூன்றாவது வாரம் என்பிடெல் வகுப்பில் சேருங்கள். புது வகுப்பு இன்னும் தொடங்கவில்லை என்றால் குளோபல் ஹெல்த் நெட்வொர்க்கின் குறும் வகுப்பு ஒன்றை முடியுங்கள். ஒவ்வொரு பாடம் முடியும்போதும் முதலில் எழுதிய அந்த ஒரு வரியை எடுத்துத் திருத்துங்கள்.

'எங்கள் ஊரில் எல்லாருக்கும் இருமல்' என்று தொடங்கிய வரி, 'ஆலையிலிருந்து இத்தனை கிலோமீட்டருக்குள் வசிக்கும் 18 வயதுக்கு மேற்பட்டோரில், 2 வாரத்துக்கு மேல் இருமல் உள்ளவர்கள் எத்தனை சதவீதம்?' என்று மாறியிருந்தால், பாதிக் கிணறு தாண்டியாச்சு. அந்தக் கேள்வியோடு ஒரு மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறைக்குப் போய்ப் பேசலாம். புகாராக மட்டும் சொன்னபோது கேட்காதவர்களும், கேள்வி தெளிவாக இருந்தால் உட்கார்ந்து கேட்பார்கள்.