எடைக்கல்லும் தண்டனையும்

கோப்பெங் ஈயத்தால் பெயர் பெற்ற ஊர். அதனைச் சூழ்ந்திருந்த ரப்பர்த் தோட்டங்களில் நம் முன்னோர் வியர்வை சிந்தினர். தோட்டங்கள் கைமாறின, மக்கள் சிதறினர். அவ்வாறு வெளியேறி வந்த தாயொருத்தி, சில ஆண்டுகளுக்கு முன் குற்றச்சாட்டுத் தாளொன்றைக் கையிலேந்தி என் வீட்டு வாசலில் நின்றாள். அவள் மகன் என்னிடம் படித்தவன்.

"பெரிய வாத்தியாரய்யா, கஞ்சா வெச்சிருந்தான்னு போட்டிருக்கா, வித்தான்னு போட்டிருக்கா?" என்று கேட்டாள்.

அவ்வினாவிற்குள் ஒரு நூற்றாண்டு வரலாறே அடங்கியிருக்கிறது.

நம்மவர் கப்பலேறிய காலத்தில், தமிழகத்தில் கஞ்சா உரிமம் பெற்ற கடைகளில் விற்கப்பட்ட பொருள். 1893இல் ஆங்கில அரசு அமைத்த இந்தியக் கஞ்சா விசாரணைக் குழு, 1,193 சாட்சிகளை விசாரித்தது. முற்றாகத் தடை செய்யத் தேவையில்லை, வரியாலும் உரிமத்தாலும் கட்டுப்படுத்தலாம் என்பதே அதன் முடிவு. ஆனால் 1925ஆம் ஆண்டு ஜெனிவா மாநாட்டில் கஞ்சாவும் அனைத்துலகக் கட்டுப்பாட்டிற்குள் வந்தது. தோட்டத்தில் கள்ளுக்கடைக்கு இடமிருந்தது; கஞ்சாவோ குற்றமாயிற்று.

மலாயாவில் 1952இல் அபாயகரப் போதைப்பொருள் சட்டம் பிறந்தது. 1975இல் கடத்தலுக்குத் தூக்குத் தண்டனை சேர்க்கப்பட்டது. தூக்கா, ஆயுள் சிறையா என்பதை நீதிபதி தீர்மானிக்கலாம். 1983இல் அவ்வுரிமையும் பறிக்கப்பட்டது. கடத்தல் என மெய்ப்பிக்கப்பட்டால் தூக்கு ஒன்றே தீர்ப்பு.

இச்சட்டத்தின் நாடி எடைக்கல்லில் இருக்கிறது. கஞ்சா இருபது கிராமை எட்டி ஐம்பதுக்குள் இருந்தால் ஈராண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறையும், மூன்று முதல் ஒன்பது பிரம்படியும் உண்டு. ஐம்பதும் அதற்கு மேலுமானால் குறைந்தது ஐந்தாண்டுச் சிறை, பத்துப் பிரம்படி. ஆயுள் சிறையும் விதிக்கப்படலாம். இருநூறு கிராமை எட்டினாலோ, வைத்திருந்தவன் கடத்தல்காரன் என்றே சட்டம் அனுமானிக்கும். அன்று எனத் தெளிவுறுத்தும் சுமை அவன் தலையில் விழும். விற்றதாக மெய்ப்பிக்கப்பட்டால், எடை குறைவாயினும் அது கடத்தலே.

அந்தத் தாயிடம், "வைத்திருந்தான் என்றுதான் எழுதியிருக்கிறது அம்மா. எடை அறுபது கிராமுக்கு மேல்" என்றேன். அவள் பெருமூச்சு விட்டாள். சிறு பொட்டலங்களாக அவன் விற்றதை ஊர் அறியும், அவளும் அறிவாள். குற்றச்சாட்டில் ஒரு சொல் மாறியிருந்தால் மகன் உயிருக்கே கேடு வந்திருக்கும். ஈப்போ நீதிமன்றத்தில் அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். ஐந்தாண்டுச் சிறை, பத்துப் பிரம்படி. அதற்குக் கீழே இறங்க நீதிபதிக்கு இடமில்லை.

காலம் மெல்ல இளகியது. 2018இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், பொருளைச் சுமந்து சென்றதோடு நின்று, அதிகாரிகளுக்கும் உதவியவனுக்கு மட்டும் உயிர்ப்பிச்சை அளிக்க வழி செய்தது. 2019இல் கூட்டரசு நீதிமன்றம், ஓர் அனுமானத்தின் மேல் மற்றோர் அனுமானத்தை அடுக்குதல் அரசியலமைப்புக்கு முரண் எனத் தீர்ப்பளித்தது. 2023 ஜூலையில் கட்டாயத் தூக்கு நீங்கிற்று. தூக்குக் கயிற்றின் நிழலில் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு மறுஆய்வுக்கு வழி பிறந்தது. ஆயினும், ஐம்பது கிராமுக்குரிய குறைந்தபட்சத் தண்டனையை அச்சட்டம் தொடவில்லை.

நம் நாடாளுமன்றம் அம்மசோதாவை நிறைவேற்றிய அதே ஏப்ரல் மாதத்தில், 26ஆம் நாள், சிங்கப்பூரில் தங்கராஜு சுப்பையா தூக்கிலிடப்பட்டார். ஒரு கிலோவுக்குச் சற்று மிகுதியான கஞ்சாவைக் கடத்த உடந்தையாக இருந்தார் என்பது குற்றம். அப்பொருளை அவர் கையால் தொட்டதாக வழக்கில்லை. தொலைபேசி எண்களே அவரை அவ்வழக்கோடு பிணைத்தன. கடலின் இருகரையிலும் வாழ்பவர் ஒரே இனத்தவர். சட்டங்களோ வெவ்வேறு திசையில் நடக்கின்றன.

கஞ்சாவிற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அது என் மாணவனின் அறிவை மழுக்கியதை நேரில் கண்டவன் நான். ஆயினும், தண்டிக்குமுன் பிள்ளையைப் பார், பிறகு பிழையைப் பார் என்று ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்தார்கள். எடைக்கல் பொருளை நிறுக்கும், மனிதனை நிறுக்காது. அதற்கு நீதிபதி வேண்டும்.

அவனுக்கு முன்பே ஓர் ஆசிரியன் வேண்டியிருந்தது. அவன் ஐந்தாம் ஆண்டில் பள்ளிக்கு வராத நாள்களை நான் வருகைப் பதிவேட்டில் குறித்தேன். அவன் வீட்டிற்குப் போய் விசாரிக்கவில்லை. அந்தத் தாய் என்னிடம் கேளாத கேள்வி அதுவே.