இசைவும் தனித்துவமும்: சிறுபான்மை இயங்குதளங்களின் வரலாறு தரும் படிப்பினை

பெரியதன் அருகே வாழ நேரும் சிறியதன் முன் இரு வழிகள் உள்ளன. பெரியதன் வழக்கங்களுக்கு இணங்கி வாழ்தல் ஒன்று. தன் வழியே நின்று தனிமையுறுதல் மற்றொன்று. மொழிகளுக்கும் அரசுகளுக்கும் உரிய இச்சிக்கல் கணினி இயங்குதளங்களின் வரலாற்றிலும் காணப்படுகின்றது. ஓர் இயங்குதளத்துக்கென ஆக்கப்பட்ட மென்பொருளை வேறோர் இயங்குதளத்தில் இயங்கச் செய்யும் இடைநிலை ஏற்பாட்டை இசைவு அடுக்கு எனலாம். அது சிறுபான்மை இயங்குதளத்துக்கு அரணா, அன்றி அழிவின் வாயிலா என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது.

அழிவின் வாயில் என்போர் ஓ.எஸ்./2 இன் வரலாற்றைச் சான்று காட்டுவர். ஐ.பி.எம்., மைக்ரோசொப்ட் ஆகிய நிறுவனங்கள் இணைந்து ஆக்கிய இவ்வியங்குதளம் 1987 இல் வெளிவந்தது. பின்னர் அவ்விரு நிறுவனங்களும் பிரிந்தன. 1992 இல் ஐ.பி.எம். வெளியிட்ட இரண்டாம் பதிப்பு விண்டோஸ் மென்பொருள்களையும் இயக்கவல்லதாய் இருந்தது. விளைவு எதிர்மாறாயிற்று. விண்டோசுக்கு எழுதினால் இரண்டிலும் இயங்குமாயின், ஓ.எஸ்./2 இற்கெனத் தனியே எழுதுவானேன் என மென்பொருளாளர் பலர் எண்ணினர். 1995 இல் புதிய விண்டோஸ் வந்தபோது, அதற்கென எழுதப்பட்ட மென்பொருள்களை ஓ.எஸ்./2 ஆல் இயக்க முடியவில்லை. 2006 இன் இறுதியோடு ஐ.பி.எம். தன் ஆதரவையும் நிறுத்திக்கொண்டது. எனினும் அதன் வீழ்ச்சிக்கு இசைவு ஒன்றே காரணமன்று. மைக்ரோசொப்டின் வணிக வலிமையும் பெருங்காரணமாகும்.

இதற்கு மறுதலையாக நிற்பது லினக்ஸ். அதில் விண்டோஸ் மென்பொருள்களை இயக்கும் நோக்குடன் 1993 இல் தொடங்கிய ‘வைன்’ முயற்சி, பதினைந்து ஆண்டுகளின் பின், 2008 இலேயே தன் முதலாம் பதிப்பை எட்டியது. அதனை அடிப்படையாகக் கொண்டு வால்வ் நிறுவனம் 2018 இல் ‘புரோட்டன்’ என்பதை வெளியிட்டது. அதனால் விண்டோசுக்கென ஆக்கப்பட்ட விளையாட்டுக்கள் பல லினக்ஸிலும் இயங்கலாயின. லினக்ஸுக்கெனத் தனிப்பதிப்பு ஆக்கும் தேவை இதனாற் குறைந்தது உண்மையே. ஆயினும் லினக்ஸ் அழியவில்லை. வழங்கிக் கணினிகளில் அதற்கு ஏற்கெனவே தனக்கெனத் தொழிலும், தனக்கென எழுதுவோரும் இருந்தனர். இரவல் அதற்கு ஊன்றுகோலாயிற்று, காலாகவில்லை.

தமிழும் இத்தகைய இரவல் வாழ்வைக் கணினியிற் கண்டதாகும். பாமினி முதலிய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை ஏற்றின. திரையில் ‘தமிழ்’ என்று தோன்றும் சொல், கணினியின் உள்ளே ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. தமிழறியாக் கணினிகளில் தமிழைப் பொறிக்க இவ்வேற்பாடு உதவியதனை மறுத்தலாகாது. ஆனால் அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அந்த ஆவணம் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாயிற்று. அகரவரிசைப்படுத்தலும் தேடலும் இடர்ப்பட்டன. 1991 இல் வெளிவந்த யூனிக்கோடு தமிழ் எழுத்துகளுக்கு உரிய இடத்தை வழங்கியது. இயங்குதளங்கள் அதனை ஏற்ற பின்னரே கணினி தமிழைத் தமிழாக அறிந்தது. இரவல் இடத்தில் எழுதப்பட்ட பழைய ஆவணங்களையோ இன்றும் மாற்றியே பயன்படுத்த வேண்டியுள்ளது.

நிலவழி இணைப்பும் இவ்வுண்மையை விளக்கும். பண்ணைக் கடலின் ஊடாக அமைந்த தாம்போதி அல்லைப்பிட்டியை யாழ்நகரோடு இணைக்கின்றது. நோயாளியும் மாணவனும் அதனாற் பயனடைவர். ஊர்க் கடையில் வாங்குவோரும் அவ்வழியே நகருக்குச் செல்லக்கூடும். ஆயின் அல்லைப்பிட்டி மண்ணில் அகழ்ந்தெடுக்கப்பட்ட சொங் காலச் சீனப் பீங்கான்கள், தாம்போதிக்கு மிக முன்னரே அவ்வூர் கடல்வழியாகத் தொலைநாட்டு வணிகத்தோடு தொடர்புற்றிருந்தமைக்குச் சான்றாகும். பாதை ஊரை இணைக்குமேயன்றி, ஊரின் வாழ்வை ஆக்காது.

ஆகவே இசைவைப் பொதுவில் தீதென்றோ நன்றென்றோ கொள்ளுதல் பொருந்தாது. தனக்கெனப் பயனும் படைப்போரும் உடையதற்கு அது துணை. அவையற்றதற்கு அது பெரியதன் நிழல். சிறியதைக் காக்க விழைவோர் பாலம் அமைப்பதோடு அமையாது, பாலத்தின் இப்பாலும் ஆக்கப்பணி நிகழ வழிசெய்தல் வேண்டும்.