குற்றக் காரணக் கோட்பாடுகள்

மனிதர் ஏன் குற்றம் செய்கிறார்கள் என்பதற்குத் துறைதோறும் விடை வேறுபடுகிறது. இத்தாலிய மருத்துவர் லொம்புரோசோ 1876-இல், தாடை, நெற்றி முதலிய உடற்குறிகளைக் கொண்டு 'பிறவிக் குற்றவாளி'யை அடையாளம் காணலாம் என்றார். இங்கிலாந்தில் கைதிகளை அளந்து பார்த்த சார்லஸ் கோரிங், 1913-இல் அப்படியொரு தனி உடல்வகை இல்லை எனக் காட்டினார். குற்றம் பிறப்போடு வருவது என்ற எண்ணம் அறிவியலுக்கு வெளியேயும் பெருங்கேடு செய்தது. பிரித்தானிய இந்தியாவில் 1871-இன் குற்றப் பரம்பரைச் சட்டம் முழுச் சமூகங்களையே குற்றவாளிகளாகப் பதிவு செய்தது. இவ்வகைச் சட்டத்தை எதிர்த்த பிரமலைக் கள்ளர் சமூகத்தினர் 1920-இல் பெருங்காமநல்லூரில் சுட்டுக்கொல்லப்பட்டனர்.

சமூகவியலோ பார்வையை உடலிலிருந்து சூழலுக்குத் திருப்பியது. சிகாகோவில் சமூகவியலர் ஷா, மெக்கே இருவரும் சிறார் குற்ற வழக்குகளை வரைபடத்தில் குறித்தனர். நகர மையத்தையொட்டிய வறிய பகுதிகளில் குடியேறிய இனங்கள் மாறிக்கொண்டே இருந்தன. குற்ற விகிதம் மட்டும் உயர்ந்தே நின்றது. ஆகவே காரணம் இனமன்று. வறுமையும் நிலையற்ற குடியிருப்பும் குலைந்த அண்டை உறவுமே என்றனர் (1942). பிறவிக் கொள்கைக்கு இதைவிட வலுவான மறுப்பு அரிது. ஆசைப்படத் தூண்டும் சமூகம் நேர்வழியை அடைப்பதே காரணம் என்றார் சமூகவியலர் மெர்ட்டன் (1938). பொருளியலர் கேரி பெக்கர் (1968), ஆதாயத்தையும் தண்டனை வாய்ப்பையும் எடைபோடும் முடிவாகக் குற்றத்தைக் கண்டார். கணநேரச் சினத்தில் நிகழும் கொலைக்கு இவ்விளக்கம் அவ்வளவாகப் பொருந்துவதில்லை.