கல்லும் குறிப்பும்

இறந்தாரைப் பற்றி இருவகைச் சான்றுகள் எஞ்சுகின்றன. ஒன்று மண்ணுக்குள் கிடக்கும் எலும்பு. மற்றொன்று மண்மேல் நிற்கும் கல். இரண்டும் ஓரிடத்தே இருக்கும்வரை வரலாறு பிழைத்திருக்கும். பிரிக்க நேருமாயின், எது எங்கிருந்தது என்னும் குறிப்பு வேண்டும். இவ்வுண்மையைக் கல்கத்தாவின் பழைய தேவாலயம் ஒன்று நமக்கு உணர்த்துகிறது.

நாம் குடியிருக்கும் சால்ட் லேக், ஹூக்ளி ஆற்று வண்டலை 1960களில் கொட்டி நிரப்பிய புதுமண். இங்கே பழங்கல் இல்லை. அதைக் காண, பழைய டல்ஹவுசி சதுக்கத்தின் அருகேயுள்ள தூய யோவான் ஆலயத்திற்குச் செல்லுதல் வேண்டும். 1784இல் கால்கோள் விழாக் கண்டு, 1787இல் திருநிலைப்படுத்தப்பட்ட அதனை வங்க மக்கள் 'பாத்துரே கிர்ஜா', அதாவது கற்கோயில், என்பர். கௌட நகரத்து இடிபாடுகளிலிருந்து கொணர்ந்த கல்லும் அதில் உண்டு.

அவ்வாலயம் எழுந்த இடம் அதற்கு முன்னரே ஆங்கிலேயரின் இடுகாடாக இருந்தது. கோபுரத்திற்கு அடித்தளம் தோண்டியபோது, முகலாயப் பேரரசர் பரூக்சியாரின் நோய் தீர்த்த மருத்துவர் வில்லியம் ஹாமில்டனின் கல்லறைக் கல் வெளிப்பட்டது. அவர் மறைந்தது 1717இல். ஆங்கிலமும் பாரசீகமும் பொறித்த அக்கல் இன்று ஜாப் சார்னாக்கின் எண்கோண மண்டபத்துள் உள்ளது. பிற்காலத்தில் சிதைந்த கல்லறைகள் பலவும் இடிக்கப்பட்டு, அவற்றின் கற்கள் அம்மண்டபத்தைச் சுற்றிப் பதிக்கப்பட்டன. எழுத்து பிழைத்தது; ஆனால் பெயர் ஓரிடம், உடல் வேறிடம் என்றாயிற்று.

சார்னாக்கிற்கு நேர்ந்தது வேறு. 1892இல் மண்டபம் பழுதுபார்க்கப்பட்டபோது, ஹைட் என்னும் பாதிரியார் தளத்தின்கீழ் அகழ்ந்து பார்த்தார். மனித எலும்புகள் தென்பட்டதும் பணியை நிறுத்தி, மண்ணை மூடச் செய்தார். கண்டதை எழுதியும் வைத்தார். எலும்பை அவர் கவர்ந்து செல்லவில்லை. உண்மையை மட்டும் எடுத்துக்கொண்டார்!

அடுத்த ஆண்டில், புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்டு, சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்து, அது நம் பல்லாவரத்துப் பாறையை ஒத்தது எனக் கண்டார். அப்பாறை வகைக்குச் 'சார்னாக்கைட்' என்று பெயரிட்டார். 1689இல் சார்னாக்கின் மகளிர் மூவர் சென்னைக் கோட்டையின் தூய மேரி ஆலயத்தில் திருமுழுக்குப் பெற்றனர். தந்தையின் கல்லறைக்கும் அந்நகரத்தருகே பிறந்த கல்லே வந்து சேர்ந்தது. வங்க மண்ணில் தமிழ்நாட்டுக் கல்லொன்று இருநூறு ஆண்டுகள் ஊர்ப்பெயர் சொல்லாது கிடந்து, ஆய்வாளர் கைபட்டதும் வாய் திறந்தது எனலாம்.

இத்தகைய பதிவு மேனாட்டார்க்கே உரியதோ எனின், அன்று. பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவியார் திருக்கோடிகாவல் கோயிலைப் புதுப்பித்துக் கற்றளியாக்கியபோது, பழைய கற்களில் இருந்த சாசனங்களைப் படியெடுத்துப் புதிய சுவரில் வெட்டுவித்தார். அவை பழங்கல்லின் படிகள் என்பதும் அங்கேயே குறிக்கப்பட்டது. பழையது போகவேண்டி வரினும் அதன் சொல் போகலாகாது என்னும் நெறியை, அகழாய்வு என்னும் துறை தோன்றுமுன்பே அப்பெருமாட்டி அறிந்திருந்தார்.

இன்றோ நம் ஊர்களில் குடமுழுக்கு என்றும் நூற்றாண்டு விழா என்றும் தளம் பெயர்க்கிறோம், சலவைக்கல் பதிக்கிறோம். பெயர்த்த கல் எந்தத் திசை நோக்கிக் கிடந்தது, எந்தக் கல்லறைமேல் இருந்தது என்று எழுதி வைப்போர் எத்தனை பேர்? அதற்கு வேண்டுவன ஓர் அளவு நாடா, ஒரு புகைப்படக் கருவி, ஒரு குறிப்பேடு. இவற்றோடு, பெயர்க்கும்முன் ஒரு நாள் பொறுமை. பொறித்த கல்லோ எலும்போ வெளிப்பட்டால், தொல்லியல் அறிந்தாரை அழைத்துக் காட்டும்வரை கடப்பாரையை நிறுத்துதல் வேண்டும்.

அலுவலகத்தில் குறிப்பெழுதாமல் ஒரு தாளையும் நாம் நகர்த்துவதில்லை. முன்னோரின் கல்லை நகர்த்தும்போது மட்டும் குறிப்பு வேண்டாவோ?